பின்னிருக்கையிலிருந்து பார்த்த சைகோன்

மாலை ஐந்தரை மணிக்கு விடுதி வாசலில் ஐந்து ஸ்கூட்டர்கள் வந்து நின்றன. ஓட்டி வந்த ஐவரும் பெண்கள். எல்லோரும் இருபதுகளில் இருந்தார்கள். ஒரே நீல நிறத்தில் ஆவ் யாய் உடுத்தியிருந்தார்கள். கழுத்தை ஒட்டிய பட்டை, இடுப்பிலிருந்து முன்னும் பின்னும் இரண்டாகப் பிரிந்து தொங்கும் நீண்ட மேலங்கி, உள்ளே தளர்வான கால்சட்டை. பார்ப்பதற்கு நம் சுடிதாரின் தூரத்துச் சொந்தம் போல இருக்கும். விருந்தாளிகளும் ஐந்து பேர்தான்: ஜெர்மனியிலிருந்து ஒரு தம்பதி, ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு அப்பாவும் மகனும், நான். தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டே அந்த அப்பா தன் வழிகாட்டியிடம் கேட்டார்: “நான் எதைப் பிடித்துக்கொள்வது?” எல்லோரும் சிரித்தார்கள். வழிகாட்டியும் சிரித்தார். “பின்னால் கம்பி இருக்கிறது சார், அதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.” கேள்வி முடிவதற்குள் அந்தச் சிரிப்பு வந்துவிட்டது. தினமும் யாராவது ஒருவர் இதைக் கேட்கிறார் என்று என்னை ஏற்றிக்கொண்டவர் போகும் வழியில் சொன்னார்.

1976இல் ஹோ சி மின் நகரம் என்று அதிகாரபூர்வமாகப் பெயர் மாறிய பிறகும் மக்கள் வாயில் சைகோனாகவே இருக்கும் இந்த ஊரில், இருசக்கர வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்த் தெருவுணவு காட்டும் இரவுப் பயணங்கள் இன்று பெரிய தொழில். அவற்றில் பெண்களே ஓட்டும் பயணங்கள் தனி வகை. நான்கு மணி நேரம், நான்கைந்து இடங்கள், வயிறு நிறையச் சாப்பாடு, இடையிடையே கதைகள். ஒரு சினிமாவுக்கோ நாவலுக்கோ இருப்பதுபோல இந்தப் பயணத்துக்கும் கட்டமைப்பு இருக்கிறது. தொடக்கம், திருப்பம், முடிவு எல்லாம் முன்கூட்டியே எழுதப்பட்டவை. எதைக் காட்டுவது, எதைக் கடந்து வேகமாகப் போவது என்ற தேர்வும் இருக்கிறது. ஆகவே அதை ஒரு பிரதியாக வாசிக்கலாம். நான் அந்தப் பயணத்தை ரசித்தேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரசித்ததனால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

*

இந்தப் பயணங்களின் விளம்பரப் படங்களில் மைய உருவம் ஒன்றுதான்: வண்டியை ஓட்டும் பெண், பின்னால் உட்கார்ந்திருக்கும் வெளிநாட்டு ஆண். வழக்கமான காட்சி தலைகீழாகிவிட்டது போன்ற மகிழ்ச்சியை அது தருகிறது. நம் ஊரில் பின்னிருக்கையில் ஒரு பக்கமாக உட்கார்ந்து, ஒரு கையில் பையையும் மறுகையில் குழந்தையையும் பிடித்துக்கொண்டு போன தலைமுறைப் பெண்களின் மகளாகிய எனக்கும் அது கிளர்ச்சியாகத்தான் இருந்தது.

ஆனால் அந்தத் தலைகீழ்மை யாருக்கு? சைகோனில் எழுபது லட்சத்துக்கும் மேல் இருசக்கர வண்டிகள் ஓடுகின்றன. பள்ளிப் பிள்ளைகள் இருவரை முன்னும் பின்னும் ஏற்றிக்கொண்டு போகும் அம்மா, கைப்பிடியின் இரு பக்கமும் கீரைக்கட்டு தொங்கவிட்டுப் போகும் வியாபாரி, அலுவலகம் விட்டு வரும் பெண், வெயிலுக்குப் பயந்து முகத்தை முழுக்க மூடிக்கொண்ட கிழவி என்று பாதிச் சாலை பெண்களுடையது. 2007 டிசம்பர் 15 முதல் எல்லோரும் தலைக்கவசம் அணிய வேண்டும் என்று நாடு முழுக்கச் சட்டம் வந்தது. அன்றிலிருந்து இந்தப் பெண்களின் தலையில் அதுவும் ஏறிக்கொண்டது. அங்கே பெண் வண்டி ஓட்டுவது புரட்சியோ அதிசயமோ இல்லை, பிழைப்பு. ஓர் ஊரின் அன்றாடத்தை எடுத்து, வேறோர் ஊர்க்காரனின் கண்ணுக்குத் துணிச்சலாக மாற்றிக் கொடுப்பதுதான் இந்தப் படம் செய்யும் வேலை.

அந்த மாற்றத்துக்கு உடை தேவைப்படுகிறது. ஆவ் யாயைக் காலங்காலமான பாரம்பரியம் என்று வழிகாட்டிகள் அறிமுகப்படுத்துகிறார்கள். அதன் பழைய வடிவங்களுக்கு நீண்ட வரலாறு உண்டு என்பது உண்மை. ஆனால் உடலை ஒட்டிய இன்றைய வடிவம் 1930களில் ஹனோயில் உருவானது. நுயென் கட் துவோங் என்ற ஓவியர் பிரெஞ்சுத் தையல் முறைகளைக் கலந்து அதை மாற்றியமைத்தார். ‘துவோங்’ என்றால் சுவர். அதனால் பிரெஞ்சில் ‘லே மூர்’ என்ற பெயரில் அவருடைய உடைகள் புகழ்பெற்றன. அன்றைக்கு அது நவீனப் பெண்ணின் உடை. அதை உடுத்தியவர்கள் ஏச்சும் வாங்கினார்கள். இன்றோ அதே உடை தேசத்தின் அடக்கமான மகளுக்கு அடையாளம். மேல்நிலைப்பள்ளி மாணவிக்கு வெள்ளை, விமானப் பணிப்பெண்ணுக்கு ஒரு நிறம், விடுதி வரவேற்பாளருக்கு ஒரு நிறம், உணவுப் பயண வழிகாட்டிக்கு நீலம். ஒரு காலத்தில் மீறலாக இருந்த உடை சீருடையாகிவிட்டது.

ஸ்கூட்டர் ஓட்டுவதற்கு அது ஏற்ற உடையும் அல்ல. பின்பக்கத் தொங்கலைச் சுருட்டித் தொடைக்கு அடியில் வைத்துக்கொள்ளாவிட்டால் சக்கரத்தில் சிக்கும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் அவர்கள் அதை எடுத்துவிடுவதையும் மறுபடி சுருட்டுவதையும் பார்த்தேன். “வீட்டிலிருந்து வரும்போது ஜீன்ஸ்தான் அக்கா. இது வேலைக்கு” என்றார் என் வழிகாட்டி. அன்றிரவு தெருக்களில் எங்களைப் போலவே வெளிநாட்டவரை ஏற்றிக்கொண்டு போன ஆண் வழிகாட்டிகளைப் பல இடங்களில் பார்த்தேன். அவர்கள் பனியன் சட்டையில் இருந்தார்கள். பாரம்பரியத்தைச் சுமக்கும் பொறுப்பு அவர்களுக்குத் தரப்படவில்லை.

சமூகவியலாளர் ஆர்லி ஹொக்‌ஷில்ட் 1983இல் எழுதிய ‘தி மேனேஜ்டு ஹார்ட்’ விமானப் பணிப்பெண்களின் சிரிப்பை ஆராய்ந்த நூல். உணர்ச்சியைக் கட்டுப்படுத்தி, எதிரே இருப்பவருக்கு இதமான உணர்வை உண்டாக்குவதும் உழைப்புதான். அதற்கும் கூலி இருக்கிறது, தேய்மானமும் இருக்கிறது என்று அவர் காட்டினார். “எதைப் பிடித்துக்கொள்வது?” என்ற கேள்விக்கு வந்த அந்தச் சிரிப்பை இந்த வெளிச்சத்தில்தான் பார்க்க வேண்டும். நெரிசலில் வண்டியைச் செலுத்துவது ஒரு வேலை. ஆங்கிலத்தில் கதை சொல்வது இன்னொரு வேலை. பின்னால் இருக்கும் ஆணின் கை எங்கே இருக்கிறது என்று முதுகால் கவனித்துக்கொண்டே, அவருக்குச் சங்கடம் வராதபடி சிரிப்பது மூன்றாவது வேலை. கட்டணச் சீட்டில் மூன்றாவது வேலைக்கு வரி இல்லை.

*

இனி சாப்பாடு. முதல் நிறுத்தம் புன் போ ஹுவே. எலுமிச்சைப்புல்லும் இறால் விழுதும் சேர்ந்த மாட்டெலும்புச் சாறில் தடித்த அரிசி நூடுல்ஸ். நடுவியட்நாமின் ஹுவே ஊர்ச் சமையல். அடுத்து பான் ஸெயோ. அரிசி மாவில் மஞ்சள்தூளும் தேங்காய்ப்பாலும் கலந்து, சட்டியில் ‘ஸ்ஸ்’ என்று ஊற்றுவதால் அந்தப் பெயர். தோசை என்று நினைத்து வாயில் வைத்தால் உள்ளே இறாலும் பன்றிக்கறியும் முளைப்பயறும் இருக்கும். அதைக் கீரை இலையில் சுற்றி மீன்சாற்றில் தொட்டுச் சாப்பிட வேண்டும். பிறகு 4ஆம் மாவட்டம் என்று எல்லோரும் சொல்லிப் பழகிய பகுதியில் வின் கான் தெருவில் நத்தைகளும் சிப்பிகளும். கடைசியில் இனிப்பு.

நாங்கள் நின்ற ஒவ்வோர் இடத்திலும் அடுப்படியில் பெண்கள் இருந்தார்கள். சைகோன் தெருவுணவின் பெரும்பகுதி பெண்களின் கை. ஓலைக் கூம்புத் தொப்பியும் தோளில் காவடியுமாக, ஒரு கூடையில் அடுப்பு, மறுகூடையில் கிண்ணங்கள் என்று ஒரு கடையையே சுமந்து நடக்கும் பெண்கள் இன்னும் இருக்கிறார்கள். எலும்புச்சாறு மாலையில் கொதிக்க வேண்டுமானால் விடியலில் சந்தைக்குப் போக வேண்டும். நத்தைகளை மண் போக ஊறவைத்துத் தேய்த்துக் கழுவ வேண்டும். கீரைகளை ஒவ்வோர் இலையாக ஆய வேண்டும். தெருவுணவு ‘உடனடி உணவு’ என்று நமக்குத் தோன்றுவது, இந்த மணி நேரங்கள் நம் கண்ணுக்கு முன்னால் நடக்காததால்தான்.

பயணத்தின் கதையாடலில் இந்த மணி நேரங்களுக்கு இடமே இல்லை. 4ஆம் மாவட்டத்துக்குப் பாலம் ஏறும்போது வழிகாட்டிகள் சொன்ன கதை நாம் காம் என்ற தாதாவைப் பற்றியது. அந்தப் பகுதியில் பிறந்து, நகரத்தின் இருட்டுத் தொழில்களை ஆண்டு, 2004இல் மரண தண்டனைக்கு ஆளானவர். ஆஸ்திரேலிய மகன் வண்டியை ஓரங்கட்டச் சொல்லிப் படமெடுத்தார். ஐந்து நிமிடம் கழித்து நாங்கள் உட்கார்ந்த நத்தைக் கடையில், ஒரே நேரத்தில் நான்கு சட்டிகளை ஆட்டிக்கொண்டிருந்த பெண்மணியைப் பற்றிக் கதை எதுவும் இல்லை. அவர் எந்த ஊரிலிருந்து வந்தார், இந்த இடம் அவருக்கு எப்படிக் கிடைத்தது என்று யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. ஒரு தெருவைச் சுவாரசியமாக்க ஒரு ரவுடி தேவைப்படுகிறார். அந்தத் தெருவுக்குச் சோறு போடுபவர் பின்னணியாகிவிடுகிறார்.

கருக்கொண்ட வாத்து முட்டை வந்தபோது இது இன்னும் தெளிவானது. வியட்நாமில் அது உடம்பைத் தேற்றும் சத்துணவு. உப்பு, மிளகு, காரமான கீரையோடு சாதாரணமாகச் சாப்பிடுவது. பயணத்தில் அது பந்தயம். யார் சாப்பிடுவார், யார் முகம் சுளிப்பார் என்று செல்பேசிகள் உயர்ந்தன. பெல் ஹூக்ஸ் 1992இல் வெளியான ‘பிளாக் லுக்ஸ்’ நூலில், பிறரின் பண்பாட்டைத் தன் சலித்துப்போன வாழ்வுக்கு மசாலாவாகத் தின்னும் ஆதிக்கப் பசியைப் பற்றி எழுதியிருக்கிறார். அங்கே தின்பது பெரும்பாலும் உருவகம். இந்த மேசையில் அது நேரடிப் பொருளிலேயே நடந்தது. முட்டையை வேகவைத்த பெண் சற்றுத் தள்ளி நின்று, ஒவ்வொரு நாளும் பார்க்கும் நாடகத்தை மறுபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்னொன்றையும் அன்றிரவு படுக்கும்போதுதான் கவனித்தேன். நான்கு மணி நேரத்தில் ஒரு சமையல்காரரின் கையிலும் நான் பணம் கொடுக்கவில்லை. எல்லாம் முன்கட்டணம், வழிகாட்டிகள் மறைவாகக் கணக்கு முடித்துவிடுகிறார்கள். மறுநாள் தனியாகப் போய் அதே கடையில் விலை கேட்டபோது, என் பயணச்சீட்டுக்கு அந்தக் கிண்ணத்தை இருபது முறைக்கு மேல் வாங்கலாம் என்று தெரிந்தது. பெட்ரோலும் வழிகாட்டியின் ஊதியமும் அதில் அடக்கம் என்பது நியாயம்தான். ஆனாலும், தெருவில் வாங்கித் தின்பதன் உயிரே கேட்பதும் கொடுப்பதும் எண்ணுவதும்தான். அந்தப் பரிமாற்றம் இல்லாதபோது சமையல்காரர் விற்பவராகவும் இல்லை, நான் வாங்குபவளாகவும் இல்லை. அவர் காட்சி, நான் பார்வையாளர்.

*

வியட்நாமிய மொழியில் ‘நான்’, ‘நீ’ என்பதற்குப் பதில் பெரும்பாலும் உறவுமுறைச் சொற்களையே பயன்படுத்துகிறார்கள். என் வழிகாட்டி என்னை ‘சீ’ என்றார், அதாவது அக்கா. தன்னை ‘எம்’ என்றார், தங்கை. கடைக்காரப் பெண்களை அவர் அழைத்த சொல் அம்மாவின் தங்கையைக் குறிப்பது. வேறோர் இடத்தில் அப்பாவின் சகோதரியைக் குறிப்பது. சித்தி என்றும் அத்தை என்றும் நம் காதில் விழும். தமிழ்ப் பெண்ணுக்கு இது உடனே புரிகிறது. காய்கறிக்காரம்மாவை நாமும் அக்கா என்றுதான் அழைத்து, அடுத்த வாய்க்கு இரண்டு ரூபாய் குறைக்கச் சொல்கிறோம். உறவுச்சொல் அன்பும்தான், பேரமும்தான். ஆனால் அதில் ஒரு பொறுப்பு ஒட்டிக்கொண்டிருக்கிறது. சித்தி என்று அழைத்தவரை அடுத்த வாரம் அந்த மூலையில் காணோமென்றால் எங்கே போனார் என்று விசாரிக்கத் தோன்றும்.

அப்படிக் காணாமல் போவது சைகோனில் அடிக்கடி நடப்பது. 1986இல் தொடங்கிய ‘தொய் மொய்’ பொருளாதாரச் சீர்திருத்தத்துக்குப் பிறகு அரசு வேலைகள் சுருங்கின, கிராமங்களிலிருந்து நகரத்துக்கு வருவோர் பெருகினர். முதலும் படிப்பும் இல்லாத பெண்ணுக்கு உடனே திறந்த கதவு நடைபாதை. ஆனால் அந்த நடைபாதையில் நிற்க அவருக்கு உரிமை இருந்ததில்லை. ‘ஹோ காவ்’ என்ற குடியிருப்புப் பதிவு முறை, சொந்த ஊரைவிட்டு வந்தவர்களை நீண்ட காலம் இரண்டாம்தரக் குடிகளாக வைத்திருந்தது. அந்தக் காகிதக் குறிப்பேடு 2022 இறுதியோடுதான் செல்லாததானது. 2008இல் ஹனோய் நகரம் 62 தெருக்களில் நடமாடும் வியாபாரத்தைத் தடை செய்தது. சைகோனில் 2017இல் 1ஆம் மாவட்டத்தின் துணைத் தலைவர் தொவான் நொக் ஹாய், நகர மையத்தைச் ‘சின்னச் சிங்கப்பூர்’ ஆக்குவேன் என்று சொல்லி நடைபாதைகளை அகற்றும் படையோடு இறங்கினார். கடை நீட்டிப்புகளும் வாசற்படிகளும் இடிந்தன. 2018 ஜனவரியில் அவர் பதவி விலகல் கடிதம் கொடுத்தபோது செய்தித்தாள்கள் அவரைப் பற்றி நிறைய எழுதின. அந்த ஒரு வருடத்தில் காவடியைத் தூக்கிக்கொண்டு ஓடிய பெண்களைப் பற்றி அந்த அளவுக்கு யாரும் எழுதவில்லை.

2024 முதல் நகரம் புதிய முறைக்கு வந்திருக்கிறது: நடைபாதையின் ஒரு பகுதியைச் சதுர மீட்டர் கணக்கில் கட்டணம் கட்டிப் பயன்படுத்தலாம். தடைக்குக் கட்டணம் மேல் என்று சொல்லலாம். ஆனால் சதுர மீட்டர் கணக்கில் இடம் எடுக்கக்கூடியவர், தெருவைப் பார்த்த வீடோ கடையோ உள்ளவர். காவடியோடு நடப்பவருக்கு அளந்து காட்ட இடம் ஏது? ஆனெட் கிம் 2015இல் வெளியிட்ட ‘சைட்வாக் சிட்டி’ சைகோனின் நடைபாதைகளை வரைபடமாக்கிய ஆய்வு. காலையில் ஒருவர், மதியம் ஒருவர், இரவில் ஒருவர் என்று ஒரே துண்டு இடத்தைப் பல பேர் நேரம் பிரித்துப் பேசி வைத்துக்கொண்டு பயன்படுத்துவதை அதில் பார்க்கிறோம். எழுதாத அந்த ஒப்பந்தத்தில்தான் பல பெண்களின் பிழைப்பு நிற்கிறது. ரசீது போட்ட உரிமையில் அந்த நெகிழ்வு தங்குமா என்பதுதான் கேள்வி.

எங்கள் பயணத்தில் இதில் ஒரு வரிகூட இல்லை. நாங்கள் நின்ற இடங்கள் எல்லாம் ஓரளவு நிலைபெற்ற கடைகள். சுத்தம், பாதுகாப்பு, வண்டி நிறுத்த இடம் என்று பார்த்துத் தேர்ந்தெடுத்தவை. காவடிப் பெண்களை நாங்கள் ஓடும் வண்டியிலிருந்து பார்த்தோம். நகரத்தின் அடையாளமாகப் படமெடுத்தோம். தெருவுணவின் பெயரால் விற்கப்படும் பயணத்தில் தெருவிலேயே நிற்கும் பெண்ணுக்கு நிறுத்தம் இல்லை.

*

தெருவில் சமைக்கும் பெண்களைப் பற்றிக் கதையே இல்லை என்று சொல்லிவிட முடியாது. சில பெண்கள் உலகப்புகழ் பெற்றிருக்கிறார்கள். ஒவ்வொரு நாளும் ஒரு சூப் என்று சமைத்துவந்த நுயென் தி தான், அந்தோனி போர்டெய்னின் தொலைக்காட்சித் தொடர் வழியாக ‘லஞ்ச் லேடி’ ஆனார். அவருடைய பங்கேற்போடு அந்தப் பெயரில் 2020இல் கனடாவின் வான்கூவரில் உணவகமே திறந்தார்கள். 2019இல் வந்த நெட்ஃபிளிக்ஸின் ‘ஸ்ட்ரீட் ஃபுட்’ தொடரில் ஹோ சி மின் நகரப் பகுதி நத்தை சமைக்கும் ஒரு பெண்ணைச் சுற்றி நகர்கிறது. 2023 ஜூனில் மிஷெலின் வழிகாட்டி முதல்முறையாக ஹனோய்க்கும் சைகோனுக்கும் வந்தது. எளிய உணவுக் கடைகளும் அதன் பட்டியலில் இடம்பெற்றன.

இவை அந்தப் பெண்களுக்கு நல்லது செய்திருக்கின்றன என்பதை மறுக்க வேண்டாம். ஆனால் இந்தக் கதைகளின் அச்சு ஒன்றே: வறுமை, துயரம், விடாமுயற்சி, ஒரு நாள் கேமரா வந்து கண்டுபிடிக்கிறது, விடியல். தனியொருத்தியின் மனவலிமையால் எல்லாம் தீர்ந்துவிடுவது போன்ற இந்தக் கதை, நடைபாதையிலிருந்து யார் துரத்துகிறார்கள் என்ற கேள்வியை எழவிடுவதில்லை. ஒருத்தி வென்றால் மற்றவர்கள் போதுமான அளவு முயலவில்லை என்றாகிவிடுகிறது. நம் பத்திரிகைகளின் மகளிர் தினச் சாதனைப் பெண்கள் பக்கத்தில் நாம் வருடாவருடம் படிப்பதும் இதைத்தான்.

மிஷெலின் பெயருக்கு அந்த மண்ணில் இன்னொரு நினைவும் உண்டு. அது டயர் நிறுவனம். மக்கள் கார் ஓட்டினால்தான் டயர் தேயும் என்பதால் 1900இல் பிரான்சில் பயணக் கையேடு அச்சிட்டது. டயருக்கு வேண்டிய ரப்பருக்காக அதே நிறுவனம் காலனிய வியட்நாமில் தோட்டங்கள் நடத்தியது. பூ ரியெங் தோட்டத்தின் தொழிலாளர்கள் 1930இல் செய்த வேலைநிறுத்தம் வியட்நாமிய வரலாற்றில் பெரிய நிகழ்வு. அந்த நாட்டின் உழைப்பை எடுத்துப் போன பெயரே இன்று அந்த நாட்டின் சமையலுக்கு மதிப்பெண் போடுகிறது. இதை எந்த வழிகாட்டியும் சொல்ல வேண்டியதில்லை. சாப்பிடுகிற நாம் தெரிந்து வைத்திருக்கலாம்.

நம்மை மட்டும் விட்டுவிட முடியாது. பென் தான் சந்தைக்குப் பக்கத்தில் ஒரு மாரியம்மன் கோயில் இருக்கிறது. இன்று அங்கே விளக்கேற்றிக் கும்பிடுபவர்களில் பெரும்பாலோர் வியட்நாமியர்கள். பிரெஞ்சு ஆட்சிக்காலத்தில் மேகோங் வடிநிலத்தின் நெல் விவசாயத்துக்கு வட்டிக்குக் கொடுத்த செட்டியார்களின் தெருக்கள் இதே நகரத்தில்தான் இருந்தன. இங்கே கோழியும் சர்க்கரைவள்ளிக்கிழங்கும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த ‘கா ரி’யைப் பிரெஞ்சு ரொட்டியில் தொட்டுச் சாப்பிடுகிறார்கள். அதன் வரவை அந்தக் காலத்து இந்தியர்களோடு, குறிப்பாகத் தமிழர்களோடு, சேர்த்துப் பேசுவது வழக்கம். கொண்டுவிற்கப் போன ஆண்கள் மனைவிகளை ஊரில் விட்டுவிட்டே போனார்கள். யார் எவ்வளவு கடன் வாங்கினார் என்பதை ஏடு போட்டு எழுதி வைத்தார்கள். அந்தக் குழம்பு எந்த அடுப்படியில், எந்தப் பெண்ணின் கையில், எலுமிச்சைப்புல்லோடு சேர்ந்து வேறு குழம்பானது என்பதற்கு ஏடு இல்லை. பெண்களின் சமையல் எல்லை தாண்டிப் போகிறது. அவர்களின் பெயர் போவதில்லை.

*

அப்படியானால் இந்தப் பயணத்தைப் புறக்கணிக்க வேண்டுமா? அது எளிய பதில்; நேர்மையான பதில் இல்லை.

அன்றிரவு ஒன்பதரை மணிக்கு, முழங்கால் உயரமே உள்ள பிளாஸ்டிக் முக்காலியில், சாலையைப் பார்த்து உட்கார்ந்து, கை வழிய நத்தையை உறிஞ்சிக்கொண்டிருந்தேன். யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. சுற்றிலும் பெண்கள் கூட்டம் கூட்டமாக உட்கார்ந்து சத்தமாகச் சிரித்து பீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். நம் ஊரில் இரவு பரோட்டாக் கடை வாசலில் ஒரு பெண் தனியாக நின்று சாப்பிட்ட காட்சியை எத்தனை முறை பார்த்திருக்கிறோம்? நமக்கென்று திரை போட்ட ‘ஃபேமிலி ரூம்’ உண்டு. அல்லது பார்சல் உண்டு. மும்பைப் பெண்களை வைத்து ஷில்பா பட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே எழுதிய ‘ஒய் லாய்ட்டர்?’ 2011இல் வந்தது. பெண்ணுக்குப் பாதுகாப்பு மட்டும் போதாது, காரணமில்லாமல் தெருவில் இருக்கும் உரிமை வேண்டும் என்று அது வாதிட்டது. அந்த முக்காலியில் எனக்குக் கிடைத்தது அதுதான். அதற்கு நான் காசு கொடுத்தேன் என்பதும், இன்னொரு பெண் வேலைக்காக என்னைச் சுமந்து கொண்டுபோய் அங்கே உட்கார வைத்தார் என்பதும் அந்த மகிழ்ச்சியைப் பொய்யாக்கவில்லை. ஆனால் அதற்குக் கணக்கு எழுத வேண்டிய கடமையைத் தருகின்றன.

வழிகாட்டிக்கும் இதில் வெற்று நட்டம் இல்லை. இந்த வேலையில் ஆங்கிலம் பழகியது, படிப்புச் செலவுக்கு வீட்டை எதிர்பார்க்காதது, இரவில் நகரத்தின் ஒவ்வொரு சந்தும் தெரிந்தது எல்லாவற்றையும் அவர் பெருமையோடு சொன்னார். “சீருடையை மாற்றலாம் என்றால் மாற்றுவேன் அக்கா. வேலையை மாற்ற மாட்டேன்.” அந்த வாக்கியத்தை அவருடைய வாயிலிருந்து பிடுங்கி ‘பாவம், சுரண்டப்படுகிறாள்’ என்று எழுதிவிடுவதும் இன்னொரு வகையில் அவரைப் பேசாமடந்தை ஆக்குவதே. சிந்தியா என்லோ 1989இல் ‘பனானாஸ், பீச்சஸ் அண்ட் பேசஸ்’ நூலில் சுற்றுலாவையும் சர்வதேச அரசியலாக வாசித்தபோது கேட்டது, பெண்கள் எங்கே இருக்கிறார்கள் என்ற நேரான கேள்வி. அவர்கள் என்ன சொல்கிறார்கள் என்பதும் அதோடு சேர்ந்ததுதான்.

மாற வேண்டியவை பெரிய விஷயங்கள் அல்ல. ஓட்டுபவர் தனக்கு வசதியான உடையில் ஓட்டட்டும். பணத்தை விருந்தாளியே சமையல்காரரின் கையில் கொடுக்கட்டும். விலை என்னவென்று தெரியட்டும். தாதாவின் கதைக்குச் செலவிடும் ஐந்து நிமிடத்தில், எதிரே அடுப்பில் நிற்பவர் சம்மதித்தால், அவரே தன் கடையைப் பற்றிச் சொல்ல, வழிகாட்டி மொழிபெயர்க்கட்டும். காவடிப் பெண்ணிடம் ஒரு நிறுத்தம் இருக்கட்டும். அவர் அந்த மூலையில் நிற்க முடியாத நாளில், ஏன் இன்று இந்த நிறுத்தம் இல்லை என்று விருந்தாளிக்குச் சொல்லட்டும்.

பத்து மணிக்கு விடுதி வாசலில் இறக்கிவிட்டபோது, “நீங்கள் எப்போது சாப்பிடுவீர்கள்?” என்று கேட்டேன். விருந்தாளிகளோடு அவர்கள் சாப்பிடுவதில்லை. கீரையைக் கிள்ளிக் கொடுப்பதும், ஓட்டிலிருந்து நத்தையை எடுத்துக் காட்டுவதும், தட்டு காலியானால் நிரப்புவதுமாகவே அவர்களுடைய மாலை போயிருந்தது.

“வீட்டில்தான் அக்கா. அம்மா மூடி வைத்திருப்பார்.”

பின்தொங்கலைச் சுருட்டித் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு அவர் கிளம்பினார். நான்கு மணி நேரம் இந்த நகரத்தின் சாப்பாட்டைப் பற்றியே பேசியிருந்தோம். அந்த மூடி வைத்த தட்டைப் பற்றி அதுவரை நான் நினைத்தே பார்க்கவில்லை.